கழற்றிப் போட்ட எர்த்து

சத்தியராஜின் கிட்டார் பெட்டி பாடுவதில்லை, இருமுகிறது என்று சபையில் கேலி பேசுவார்கள். சேவூர்ப் பக்கம் தகரக் கூரை போட்ட சின்னச் சபை அது. வாரமெல்லாம் நெல் மண்டியில் மூட்டை தூக்குகிற சத்தியராஜ், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கிட்டார் வாசிப்பான். அந்தப் பெட்டி யாரோ கழித்துக் கொடுத்த ஆம்ப்ளிஃபையர். வாசித்தால் தகரத்தை ஆணியால் கீறுகிற சத்தம் வரும். வாசிக்காவிட்டாலும் ஊம் என்று இரைந்துகொண்டே இருக்கும்.

இந்த மழை நாட்களில் மண்டியில் வேலை குறைவு. சத்தியராஜ் பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்து, பின்பக்கத் தாழ்வாரத்தில் வைத்துப் பிரித்தான். கிழிந்த ஸ்பீக்கரை எடுத்துவிட்டு, கல்யாண மைக் செட்டுக்காரரிடம் கிடந்த பெரிய ஸ்பீக்கரைப் பொருத்தினான். கீச்சைக் கூட்டிக் குறைக்கிற இடத்தில் இருந்த கண்டன்சர் என்ற சின்னப் பாகத்தை எடுத்துவிட்டு, வேறு வேறு கண்டன்சர்களை ஒவ்வொன்றாகப் பற்றவைத்துப் பார்த்தான். கீச்சு அடங்கி, நெஞ்சிலிருந்து வருகிற மாதிரி ஒரு கனம் வந்தது. இரைச்சல் மட்டும் போகவில்லை. கடைசியில் பிளக்கைக் கழற்றி, எர்த்துக்குப் போகிற பச்சை ஒயரைப் பிடுங்கிவிட்டு, மறுபடி சொருகிப் பார்த்தான். சட்டென்று அமைதி. அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

கூட மூட்டை தூக்கும் கமலக்கண்ணன் அந்த நேரத்தில் வந்தான்.

"டேய், இது உன் பெட்டியா? எங்கனா திருடிகினு வந்தியா?"

"கேளுடா நல்லா. தேனாட்டம் கீதா?"

"கீது கீது. அது இன்னா பச்ச ஒயரு தனியா தொங்குது?"

"அதான் இத்தினி நாளா கத்திகினு இருந்துச்சு."

"கம்பெனிக்காரன் சும்மாவா வெச்சிருப்பான்?"

"இன்னா, ஷாக்கா அடிக்குது? தோ, தொட்டுப் பாரேன்."

இரண்டு பேரும் பெட்டியின் இரும்பைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. வீட்டுக்குப் பின்னால் சேறாக இருந்ததால் இருவர் காலிலும் ரப்பர் செருப்பு இருந்தது. சபையில் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள் என்பது சத்தியராஜுக்கு அப்போது நினைவில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பாட்டுக்கு அவன் கம்பியைத் தட்டியதும் சபை திரும்பிப் பார்த்தது. அலன் பாஸ்டர் கண்ணை மூடியிருந்தவர் திறந்தார்.

"இன்னா பிரதர், பெட்டிக்கும் ரட்சிப்பு கிடைச்சிடுச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில், ஜமக்காளத்தின் மேல் கால் வைத்து உட்கார்ந்திருந்த சத்தியராஜ் தலையைக் குனிந்துகொண்டு சந்தோஷப்பட்டான்.

பாட்டு முடிந்து சாட்சி சொல்லும் நேரம் வந்தது. ஆண்டவர் தங்களுக்குச் செய்த நன்மையை ஒவ்வொருவராக முன்னால் வந்து சொல்வார்கள். பாஸ்டருக்குத் தனி மைக். சாட்சி சொல்கிறவர்களின் மைக்கைக் கிட்டார் பெட்டியிலேயே சொருகுவது வழக்கம். அன்று முதலில் எழுந்தவள் பாக்கியமேரி.

அவள் தறிக்காரர் வீடுகளுக்குப் பட்டு நூலைத் தாரில் சுற்றிக் கொடுத்துப் பிழைக்கிறவள். புருஷன் இல்லை. சபையில் எல்லோருமே ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் ஆவியில் நிரம்பியவர்கள். நடுங்கி, அழுது, புரியாத பாஷையில் பேசி விழுந்தவர்கள். அவளுக்கு மட்டும் அது வந்ததே இல்லை. "உனக்கு மட்டும் ஆண்டவரு டோக்கன் குடுக்கல போலக்கீது" என்று பெண்கள் சீண்டுவார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

ராத்திரி மழை கூரையில் ஒழுகி, முன்பக்கத்துச் சிமெண்டுத் தரை ஈரமாக இருந்தது. பாக்கியமேரி வெறுங்காலோடு அங்கே நின்று மைக்கைப் பிடித்தாள். "ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தவளுக்கு வார்த்தை முடியவில்லை. உடம்பு விறைத்து வெடவெடவென்று ஆடியது. மைக் கையை விட்டுத் தெறித்து விழுந்தது. அவள் முழங்காலில் சரிந்தாள்.

"அல்லேலூயா!" என்றது சபை.

சத்தியராஜுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது, ஷாக் என்று. விரல்கள் உதறிய விதத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் ஒருவர் ஆவியில் நிரம்பும்போது கிட்டார் நிற்கக் கூடாது. மெதுவாக ஆரம்பித்து ஏற்றிக்கொண்டே போக வேண்டும். அவன் கை அதைத்தான் செய்தது. பெட்டி அன்றைக்குப் போல் என்றைக்கும் பாடியதில்லை. சபை கை தட்டியது. பாக்கியமேரி விம்மி விம்மி அழுதாள். வாயில் என்னென்னவோ வந்தது. அவளைச் சீண்டிய பெண்களே ஓடி வந்து கட்டிக்கொண்டார்கள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவு வெளிச்சம். சத்தியராஜ் வாசித்துக்கொண்டே இருந்தான்.

அலன் பாஸ்டர் கீழே கிடந்த மைக்கைக் குனிந்து பார்த்து, "எடுத்துப் பேசுங்கக்கா. கர்த்தர் குடுத்தத சபைக்குச் சொல்லுங்க" என்றார். பாக்கியமேரி கண்ணீரோடு ஈரத் தரையில் கையை ஊன்றி மைக்குக்குக் கை நீட்டினாள்.

சத்தியராஜ் கிட்டாரைப் போட்டுவிட்டுப் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான்.

"கரண்ட் கட்டா?" என்றார் ஒருவர்.

"ஃபேன் சுத்துதே!"

"பிரதர், இன்னா இது?" பாஸ்டரின் குரலில் கோபம்.

"ஷாக் அடிக்குது பாஸ்டர். எர்த்த கழட்டிட்டேன். மைக்குல கரண்ட் வருது. அக்காவுக்கு அதான்…"

பின்வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள். கட்டிப்பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாகப் பாக்கியமேரியை விட்டன. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து கடைசி வரிசைக்குப் போனாள். அன்று பாஸ்டர் என்ன பிரசங்கம் செய்தார் என்று சத்தியராஜுக்குத் தெரியாது.

கூட்டம் கலைந்த பிறகு, வெளியே குவிந்து கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடிக்கொண்டிருந்தாள் பாக்கியமேரி. சத்தியராஜ் பக்கத்தில் போய் நின்றான்.

"மன்னிச்சிடுக்கா. ஜல்தியா வா, ஆஸ்பத்திரில காட்டிட்டு வந்துடலாம்."

"ஆஸ்பத்திரி கெடக்கட்டும். ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லு தம்பி. மைக்க வுட்ட பிற்பாடும் எனக்கு அழுக நிக்கலியே. வாயி தானா பேசுச்சே. அதுவும் கரண்ட்டா?"

'இல்லக்கா, அது வேற' என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் அவளுக்கு ஆறுதல். அவனுக்கு அதைவிடப் பெரிய ஆறுதல். அதனாலேயே சொல்ல முடியவில்லை.

"தெர்லக்கா."

அவள் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"ஷாக்குன்னு உனக்கு எப்பத் தெரிஞ்சிச்சு?"

"நீ மைக்க புடிச்ச ஒடனே."

"அப்புறமும் வாசிச்சிகினு இருந்தியே."

அவன் குவியலிலிருந்து அவளுடைய மற்றச் செருப்பை எடுத்து அவள் காலருகே வைத்தான்.

"நல்லாத்தான் வாசிச்ச" என்றாள். மற்றச் செருப்பையும் மாட்டிக்கொண்டு, பஸ் நிற்கிற இடத்தில் சபைப் பெண்கள் கூடியிருப்பதைப் பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கமாக வயல் வரப்பில் இறங்கி நடந்தாள்.