மைக்கில் சொன்ன இடம்

காசிமேட்டில் லாஞ்சு ஓட்டுகிற டிரைவரிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். சண்டை போட்டு மண்டை உடைந்த கதையைக் கேட்கலாம், மாமியார் வீட்டுச் சங்கதியைக் கேட்கலாம். மீன் எங்கே படுகிறது என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் பொய்தான் வரும். வடக்கே நிற்பவன் தெற்கே என்பான். கேட்டவனும் சரி சரி என்று சொல்லிவிட்டுத் தனக்குத் தோன்றிய பக்கம் போவான். சொந்தத் தம்பியாக இருந்தாலும் இதேதான். இதை யாரும் பாவக் கணக்கில் சேர்ப்பதில்லை. இங்கே இதற்குப் பெயர் பீலா விடுவது.

மலரின் புருஷன் வெள்ளத்துரையும் ஆயுசு பூராவும் பீலா விட்டவன்தான். இந்தத் தடவை அது அவன் தலையிலேயே வந்து விடிந்தது.

முந்தாநாள் சாயங்காலம் பக்கத்து லாஞ்சுக்காரன் ஒருவன் மைக்கில் கேட்டிருக்கிறான். மைக் என்றால் லாஞ்சில் இருக்கிற வயர்லெஸ். கோவளத்துக்கு நேராக இருக்கிறேன் என்று வெள்ளத்துரை சொன்னான். அதற்கப்புறம் காற்று பிடித்தது. அவன் சத்தமும் நின்றது. மற்ற லாஞ்சுகளெல்லாம் நேற்று துறைமுகத்துக்குள் வந்து ஒதுங்கின. அவனுடையது வரவில்லை. அவனோடு சேர்த்து அதில் ஆறு பேர். நேற்றிலிருந்து நான்கைந்து லாஞ்சுகள் கோவளத்துக் கடலைச் சல்லடை போட்டுச் சலித்துவிட்டன. ஒரு மிதவைக்கட்டைகூடக் கண்ணில் படவில்லை.

மலர் காலையிலிருந்து லியாகத் அலியின் கடையில் உட்கார்ந்திருந்தாள். வயர்லெஸ் பழுது பார்க்கிற கடை. கூரைக்கு மேலே உயரமாக ஒரு கம்பம் நட்டிருப்பதால், கடலில் ஒருவருக்கொருவர் எட்டாத லாஞ்சுகளின் பேச்செல்லாம் இவர் மூலமாகத்தான் கைமாறும். மலருக்குப் பக்கத்தில் தாயம்மா. இரண்டு பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து மீன் விற்பவர்கள். தாயம்மாவின் மருமகனும் அந்த லாஞ்சில்தான் போயிருந்தான். அவள் அழுது முடித்து, அழுவதற்கும் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்திருந்தாள்.

"பாய், அவுரு கடைசியா இன்னா சொன்னாரு? ஒரு வார்த்த உடாம சொல்லு" என்றாள் மலர்.

லியாகத் அலி கண்ணை மூடி யோசித்தார். "கோவளத்துக்கு நேரா கீறேன், இருவது பாகம் ஆழம், தண்ணி ஒரே கலங்கலு, வலைல வெறும் சொறிமீனுதான் ஏறுது, மீனுன்னு சொல்ல ஒண்ணும் இல்ல, நீ வராத நைனா, டீசலு தண்டம்னு சொன்னாரும்மா."

"அவ்ளோவும் அவுரேவா பேசினாரு?"

"அவுருதான். ஏன்?"

வெள்ளத்துரையிடம் உண்மையை வாங்குவது வறண்ட குழாயில் தண்ணீர் அடிக்கிற மாதிரி. 'ம்' என்பான், 'கீது' என்பான், அதோடு சரி. வார்த்தை வரிசையாக வந்தால் அது பொய். அதிலும் அவன் மகா சோம்பேறி. பொய்யை முழுசாகக் கட்டுவதற்குக்கூட அவனுக்கு உடம்பு வளையாது. திசையை மட்டும் திருப்பிப் போடுவான், மற்றதை அப்படியே விட்டுவிடுவான். புளியந்தோப்பில் தோஸ்து வீட்டில் சீட்டாடிவிட்டு வந்தால் மணலிக்குப் போயிருந்தேன் என்பான். தோஸ்தின் பெயரும், அங்கே தின்ற பிரியாணியும் உண்மையாகவே இருக்கும். பத்து வருஷக் குடித்தனத்தில் மலர் இதைத் தப்பாமல் பார்த்திருக்கிறாள்.

அப்படியானால் இருபது பாகம் ஆழம் என்பது நிஜம். மீன் இல்லை என்றது எல்லா டிரைவரும் விடுகிற வழக்கமான பீலா. கோவளம் பொய். ஆள் இருப்பது அதே ஆழத்தில், ஆனால் எதிர்த் திசையில், வடக்கே பழவேற்காட்டுப் பக்கம். இத்தனை லாஞ்சும் இல்லாத ஆளைத் தெற்கே தேடிக்கொண்டிருக்கின்றன.

அந்த நேரம் பார்த்து அவளுடைய அண்ணன் பொன்ராஜ் டீசல் போட லாஞ்சைக் கரைக்குக் கொண்டுவந்திருந்தான். மலர் லாஞ்சு கட்டுகிற வார்ப்புக்கு ஓடினாள். போன பருவத்தில் வெள்ளத்துரையின் பீலாவை நம்பி பாதி டாங்க் டீசலை வீணாக்கியவன் பொன்ராஜ். அன்றிலிருந்து மாப்பிள்ளையோடு பேச்சு வார்த்தை கிடையாது. ஆனாலும் ஆள் காணோம் என்றதும் முதலில் கயிற்றை அவிழ்த்தவன் அவன்தான். கடலில் தேடுகிறபோது யாரும் பகை பார்ப்பதில்லை. அப்படிப்பட்டவனிடம் போய், கட்டினவன் பொய்யன் என்று எந்த வாயால் சொல்வது? கூச்சம் பார்த்தால் தாலி போய்விடும் என்று நினைத்த மலர், கோவளம் பொய், ஆள் வடக்கே என்று சொல்லியே விட்டாள்.

பொன்ராஜுக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. "ஆறு பேரு உசுரு மே. மீனுக்கோசரம் இப்டி ஒரு டகுல்பாஜி வேலையா? நான் இத்தினி வருசமா மைக்ல பேசறேன், ஒரு தபா பொய் சொல்லியிருப்பனா?"

"திட்றத அப்பால திட்டு. வடக்கப் போ."

"நீ சொல்றது தப்பாயிருந்தா? நான் வடக்கப் போயி, அவன் தெக்க கெடந்து பூட்டான்னா?"

"மத்தவங்க தெக்க தேடிகினுதான கீறாங்க. நீ ஒருத்தன் வடக்கப் போ. தப்பாப் பூட்டா அந்தப் பாவம் என்னிது."

பொன்ராஜ் தன் ஆட்களிடம் கையைக் காட்டினான். லாஞ்சு கிளம்பி முகத்துவாரத்தைத் தாண்டி வடக்கே திரும்புவதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் கடைக்குத் திரும்பினாள்.

அந்தப் பகல் இருக்கிறதே, அது பகையாளிக்கும் வரக் கூடாது. லியாகத் அலி வாங்கிக் கொடுத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது. தெற்கே போன லாஞ்சுகள் ஒவ்வொன்றாக, இங்கே இல்லை, இங்கேயும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தன. நானே என் வாயால் ஒரு லாஞ்சைத் திருப்பிவிட்டுவிட்டேனோ என்று மலர் நினைத்தாள். நினைத்து நினைத்துத் தலை வலித்தது.

வெயில் சாய்கிற நேரத்தில் வயர்லெஸ் பெட்டி கரகரத்தது. பொன்ராஜின் குரல்.

"பாய், ஆளு கெடச்சிட்டான். ஆறு பேரும் நல்லா கீறாங்க. கயிறு கட்டி இஸ்துகினு வரேன். மலராண்ட சொல்லிடு."

தாயம்மா இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். லியாகத் அலி, "அல்லா" என்று நெஞ்சில் கை வைத்தார். மலர் மட்டும் அசையவில்லை.

ஏனென்றால் மைக்கில் சாவுச் சேதி சொல்கிற வழக்கம் கிடையாது. கரையில் பெண்டு பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று, என்ன நடந்திருந்தாலும் நல்லா கீறாங்க, வந்துகினுகீறோம் என்றுதான் சொல்வார்கள். அவளுடைய அப்பன் கடலில் செத்தபோதும் அப்படித்தான் சொன்னார்கள். அம்மா அதை நம்பிச் சோறு வடித்து வைத்திருந்தாள். வந்தது பாயில் சுற்றிய உடம்பு.

"பாய், அவுரு கையில மைக்க குடுக்கச் சொல்லு" என்றாள்.

லியாகத் அலி அதைப் பொன்ராஜிடம் கேட்டார். "எப்டி குடுக்கறது? அவன் அவனோட லாஞ்சில கீறான். பாட்டிரி செத்துப் போச்சி, அங்க மைக்கு வேல செய்யல" என்று பொன்ராஜிடமிருந்து பதில் வந்தது.

உண்மையாகவும் இருக்கலாம். இப்படித்தான் சாக்குச் சொல்வார்கள் என்றும் இருக்கலாம். தாயம்மா இவள் முகத்தைப் பார்த்தாள், பார்த்ததும் அவள் கும்பிட்ட கை மெல்லக் கீழே இறங்கியது. இரண்டு பேருக்கும் ஒரே நினைப்புதான்.

அதற்குள் தெற்கே இருந்த லாஞ்சுக்காரன் ஒருவன் மைக்கில் குறுக்கே வந்தான். "பாய், ஆள எங்க கண்டுபிடிச்சானாம்? கேட்டு சொல்லு."

லியாகத் அலி அந்தப் பக்கம் கேட்டார். பொன்ராஜ் தொண்டையைச் செருமினான்.

"தெக்கதான் பாய். நம்ம லாஞ்சுங்க தேடிகினு கீற எடத்துக்கும் தெக்க, மாமல்லபுரத்துக்கு நேரா, நல்லா வெளிய, நாப்பது பாகம் இருக்கும். தண்ணி ஒரே கலீஜு. மீனுன்னு சொல்ல ஒண்ணும் இல்ல. யாரையும் இந்தப் பக்கம் வரவேணாம்னு சொல்லு. டீசலு தண்டம்."

மலர் பெட்டியையே வெறித்துப் பார்த்தாள். பொன்ராஜ், மைக்கில் ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை என்ற பொன்ராஜ். வடக்கே போன லாஞ்சு மாமல்லபுரத்தில் இருக்கிறதாம். ஆளைத் தேடிப் போன இடத்தில், வெள்ளத்துரை ஒளித்து வைத்த மீனை இவன் பார்த்துவிட்டான். நல்ல விலைக்குப் போகிற கடம்பாவாகத்தான் இருக்கும். நாளைக்கே வலையைத் தூக்கிக்கொண்டு போக இப்போதே கணக்குப் போட்டுவிட்டான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரிப்போடு கண்ணீரும் கொட்டியது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று தாயம்மா பயந்துபோய் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இன்னாடி ஆச்சி உனுக்கு?"

"அக்கா, ஆறு பேரும் மெய்யாலுமே உசுரோட கீறாங்க."

"உனுக்கு எப்டி தெரியும்?"

மலர் அவள் காதுக்குள் சொன்னாள். "எங்கண்ணன் பீலா உடறான்க்கா. பொணத்த இஸ்துகினு வர்றவன் மீனு கீற எடத்த மறைப்பானா?"

தாயம்மாவுக்கு அது விளங்க ஒரு நொடி ஆனது. விளங்கியதும் அப்படியே தரையில் உட்கார்ந்து, மலரின் காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.