வாங்க என்று சொல்லக்கூடாத துணி

வாப்பா கல்லாவில், சாச்சா வாசலோரத்து முக்காலியில், உம்மா பட்டுச் சுருள்களுக்குப் பின்னால் மோடாவில், நான் பொத்தான் பெட்டிமேல், ஜபருல்லா அண்ணன் மட்டும் உட்காராமல் ஏணியின் உச்சியில், கையில் வெள்ளைத் துணிச் சுருள், அது அவிழ்ந்து அவிழ்ந்து இறங்குகிறது, தரையைத் தொடமாட்டேன் என்கிறது, கண் விழித்தால் காரைக்கால், சைகோன் கடை கடலுக்கு அப்பால், அதில் இப்போது அண்ணன் தனியாக, சண்டை ஒவ்வொரு ஊராக விழுங்கிக்கொண்டு வருவதாக ரேடியோவில் சொல்கிறார்கள், பாட்டனார் தோளில் மூட்டையோடு கப்பலேறிப் போய்த் தெருத்தெருவாக விற்று, பஜார் நடுவில் ஒற்றைக் கதவு அகலத்துக்குப் பிடித்த கடை அது, வாப்பா காலத்தில் மூன்று கதவானது, பூப்போட்ட சீட்டி, லேஸ், நாடா, ஊசிநூல், அந்த ஊர்ப் பெண்கள் பட்டை விரலிடுக்கில் கசக்கி முகம் சுளிப்பார்கள், விலை குறைக்கத்தான், மாமியாருக்கென்றால் இதுவே அதிகம் என்பார் சாச்சா அவர்கள் பாஷையிலேயே, சிரித்துக்கொண்டே வாங்குவார்கள், போகும்போது உம்மா எல்லோரிடமும், மறுபடி வாங்க.

கஃபன் துணி, இறந்தவர் மையத்துக்கு உடுத்துகிற வெள்ளை, அதற்கு மட்டும் அப்படிச் சொல்லக்கூடாது, கிழித்துக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், பாட்டனார் நாளிலிருந்து வழக்கம், பெண்சாதியைப் பறிகொடுத்து வந்த ரொட்டிக்கடை மஸ்தானிடம் உம்மாவுக்கு வாய்ப் பழக்கத்தில் வந்துவிட்டது, மழைக்காலம் முடியுமுன் அவர் மறுபடி வந்தார், பிள்ளைக்கு. அன்றோடு உம்மா யாரையும் வா என்று சொல்வதில்லை, கல்யாண வீட்டு வாசலிலும் தலையைத்தான் ஆட்டுவாள், வாப்பாவை அங்கேயே அடக்கிவிட்டு நாங்கள் ஊர் திரும்பியபோது அண்ணனுக்கும் தலையாட்டல்தான், கடையைப் பார்த்துக்கொள் என்று அவன் எடுத்துக்கொண்டான், இப்போது எழுதியிருக்கிறான், எல்லோரும் கிளம்புகிறார்கள், எனக்கும் டிக்கெட் கிடைக்கும், ஆனால் உம்மா வரச் சொல்லவில்லையே, பாட்டனார் கடையைப் பூட்ட நான் யார்.

தந்தி போகவில்லை, நாளை சைகோனுக்கு விமானமேறுகிற பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் கடிதம் கொண்டுபோகிறேன் என்கிறார், பேனாவோடு நான், எதிரே விசிறியோடு உம்மா, வாசலோரம் சாச்சா, ஊமைக்குக்கூடக் கையிருக்கு மதினி, நீங்க சொல்லாட்டி உங்க பேரைப் போட்டு நானே எழுதிடுறேன். வேணாம், அவனுக்கு என் பேச்சு தெரியும், நான் கூப்பிட்டு அவனுக்கு ஏதாச்சும் ஆயிட்டா. கூப்பிடாட்டித்தான் ஆகும் உம்மா. விசிறி நின்றது, உம்மாவின் உதடு அந்த ஒரு எழுத்தைத் தேடித் தேடி நடுங்கியது, எழுது, வா. வந்துடு தங்கமே. கடையைப் பூட்டக்கூட வேணாம்.

சோற்றுப் பருக்கையைத் தேய்த்து உறையை ஒட்டுகிறேன், சாச்சா அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளை மிதிக்கிறார், கண்ணை மூடினால் வெள்ளைத் துணி தரையைத் தொட்டுக் கிடக்கிறது, அதை மிதிக்காமல், ஏணியின் கடைசிப் படியிலிருந்து ஒரு கால் இறங்குகிறது.