ஒவீட்டின் வலது கால்

ஒவீட் லாட்டியோலேயின் வலது கால் தரையை விட்டு எழும்பினால் பாட்டு முடியப்போகிறது என்று அர்த்தம். அந்தச் சுற்றோடு எல்லோரும் சேர்ந்து நிறுத்த வேண்டும். எழும்பாதவரை, கூரையே பிய்ந்து விழுந்தாலும் வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். மெர்மென்டோ ராம்ப்ளர்ஸ் இசைக்குழுவில் நாற்பது வருஷமாக இது ஒன்றுதான் சட்டம்.

மற்றபடி எதையும் எதோடும் கலப்பார்கள். வெள்ளைக்காரரான ஒவீட்டின் அக்கார்டியன் வால்ட்ஸுக்குள் கறுப்பரான ஃபெல்ட்டனின் ப்ளூஸ் தாளம் புகுந்த காலத்தில், வெள்ளைக்காரர்கள் ஒரு பக்கமும் கறுப்பர்கள் மறுபக்கமும் நின்று “இது நம்ம பாட்டே இல்லை” என்று முகம் சுளித்தார்கள். சுளித்த முகத்தோடே ஆடவும் செய்தார்கள்.

ஃபெல்ட்டன் டிரம்ஸ்காரர். மேடையில் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு நாற்காலியில் இருக்கும் ஒவீட்டின் முதுகும் அந்தக் காலும்தான் தெரியும். கட்டின மனைவியின் முகத்தைவிட அந்தச் செருப்பைத்தான் அதிகம் பார்த்திருக்கிறார். ஒரே ஒரு தடவை, ஒரு கல்யாண வீட்டில், கால் எழும்புவதற்கு முன்னால் நிறுத்திவிட்டார். மறுநாள் காலை அவருடைய டிரம்ஸ் நெல்வயல் வாய்க்காலில் கிடந்தது. இரண்டு வருஷம் கழித்து ஒவீட்டே ஃபெல்ட்டனின் வாசலில் வந்து நின்றார், கையில் காகிதத்தில் சுற்றிய பூடான், சோறு அடைத்த சூடான பன்றிக்கறித் தொத்திறைச்சி.

“வந்தவன் எவனுக்கும் தாளம் வரலடா. நீ வா.”

“மன்னிப்புன்னு ஒண்ணு கேக்க மாட்டியோ?”

“பூடான் வாங்கியாந்திருக்கேன்ல? தின்னு.”

அதோடு அந்தச் சண்டை முடிந்தது. ஆனால் போன வாரம் மறுபடி கிளம்பிவிட்டது. மணிக்கட்டு வலி தாங்காமல் ஃபெல்ட்டன் ஒரு பாட்டில் கொஞ்சம் முந்திவிட்டார். இந்தச் சனிக்கிழமை காலை, வாராவாரம் வாசிக்கும் மதுக்கடையில் ரேடியோக்காரர்கள் மைக் மாட்டிக்கொண்டிருக்கும்போதே ஒவீட் ஆரம்பித்தார்.

“இன்னிக்கு நேரடி ஒலிபரப்பு. என் காலுக்கு முந்தி அடங்கினே, அடுத்த வாரம் அங்க வேற ஒருத்தன் உக்காந்திருப்பான்.”

“மணிக்கட்டு விட்டுப்போகுதுடா.”

“எனக்கு மட்டும் இருபது வயசாக்கும்?”

ஃபெல்ட்டனுக்குச் சுருக்கென்றது. மனைவி போனபின் அவருக்கென்று இருந்தது இந்தச் சனிக்கிழமை ஒன்றுதான். இதையும் பிடுங்கிக்கொண்டால் வாரம் பூராவும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பயந்துபோனார், அதுதான் உண்மை.

மூன்றாவது பாட்டு. இரண்டு சரணம் நன்றாகவே போயிற்று. அடுத்ததற்கு ஒவீட் மைக்கிடம் வாயைக் கொண்டுபோனார். வார்த்தை குழறிக்கொண்டு வந்தது. காலையிலேயே பீர் ஏறிவிட்டது என்று ஆடுகிறவர்கள் சிரித்தார்கள். பிடில் வாசிக்கும் ஒவீட்டின் தங்கை க்ளோட்டில் மெட்டைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டாள். சுற்று முடிந்தது. கால் எழும்பவில்லை.

இன்னொரு சுற்று. எழும்பவில்லை. இன்னொன்று. ஒவீட்டின் இடது கை அக்கார்டியனின் துருத்தியை வழக்கம்போல இழுத்தது. வலது கை விரல்கள் ஒரே பொத்தானில் நின்றுவிட்டன. கூட்டத்துக்கு ஒரே குஷி. ரேடியோக்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

கிழட்டுப் பய என்னைச் சோதிக்கிறான் என்று ஃபெல்ட்டன் பல்லைக் கடித்தார். மணிக்கட்டில் நெருப்பு வைத்தது போல் இருந்தது. சோதிக்கட்டும், கை ஒடிந்து விழும்வரை அடிக்கிறேன் என்று அடித்தார்.

அப்புறம்தான் கவனித்தார். அந்தச் செருப்பு தாளம் போடவில்லை. சர்ச்சில் பிரார்த்தனை நடக்கும்போதுகூடத் தரையைத் தட்டும் கால் அது. இப்போது வெளிப்பக்கம் சாய்ந்து, யாரோ கழற்றிப் போட்டது போலக் கிடந்தது.

க்ளோட்டில் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணிலும் அதே பயம். ஆனாலும் வில்லை நிறுத்தவில்லை, கால் எழும்பவில்லையே! கண்ணெதிரே ஒரு மனுஷன் சரிந்துகொண்டிருக்கிறான், அவன் காலைத் தூக்கி உத்தரவு தரட்டும் என்று எல்லோரும் காத்துக்கொண்டிருக்கிறார்கள். இப்படி ஒரு மடத்தனம் இந்தக் குழுவுக்குத்தான் வரும்.

சோதனையாக இருந்துவிட்டால்? நாற்பது வருஷமும் இதோடு சரி. ஃபெல்ட்டன் இன்னும் நாலு அடி அடித்தார். பிறகு இரண்டு குச்சிகளையும் கீழே போட்டார்.

பாட்டு அறுந்தது. தரையில் தேய்ந்துகொண்டிருந்த ஆடுகிறவர்களின் பூட்ஸ்கள் நின்றன. ஒவீட் மெதுவாகத் தலையைத் திருப்பினார். எவன் நிறுத்தினது என்று கண் கேட்டது, வாயின் வலது ஓரம் தொங்கியது. நாற்காலி சாய்வதற்குள் ஃபெல்ட்டன் டிரம்ஸை உதைத்துத் தள்ளிப் பாய்ந்து அவரைப் பிடித்தார்.

“பக்கவாதம்! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கடா! எதுக்குடா நிக்கிறீங்க!”

சுற்றுவட்டாரம் முழுக்க ரேடியோவில் அதைக் கேட்டது.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து ஒவீட்டைத் தள்ளுபடுக்கையில் கிடத்தி, ஆடுகளத்தின் நடுவே கொண்டுபோனார்கள். க்ளோட்டில் அக்கார்டியனை நெஞ்சோடு அணைத்தபடி “அண்ணே, என்னைப் பாருண்ணே” என்று கூடவே ஓடினாள். ஒவீட் ஃபெல்ட்டனைத்தான் பார்த்தார். என்னவோ சொல்ல முயன்றார், வரவில்லை. போர்வைக்கு அடியில் இடது கால் மெல்ல மேலே எழும்பியது.

க்ளோட்டில் வாய்விட்டு அழுதாள். ஃபெல்ட்டனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு கையாலும் அந்தக் காலைப் பிடித்துப் படுக்கையோடு அழுத்தினார்.

“கீழ வைடா. வலது கால்தான் கணக்கு. அது எழும்புற வரைக்கும் எவனும் நிறுத்த மாட்டோம்.”