பெயர் அழித்த சிலிண்டர்

அன்று எங்கள் கட்டுகஸ்தோட்டை வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் மனைவி புஷ்பம், மகள் சுபாஜினி, அவளைப் பெண் பார்க்க ஜெர்மனியிலிருந்து வந்த சுதேஷ், அவருடைய தாய் லீலாதேவி. வேறு எவரும் இல்லை.

2022 ஆனி மாதம், இலங்கை முழுவதும் கேஸ் தட்டுப்பாடு. மூன்று நாட்களாக எங்கள் வெறும் சிலிண்டர் கேஸ் கடை வரிசையில் நின்றது. வரிசையில் நிற்கும் ஒவ்வொரு சிலிண்டரிலும் வீட்டுக்காரர் பெயரைப் பெயின்ட்டால் எழுதிச் சங்கிலியில் கோர்த்து வைப்பது வழக்கம். புஷ்பம் என் பெயரை எழுதியிருந்தாள். முப்பது வருடம் கண்டி மாநகர சபையில் எழுதுவினைஞராக இருந்தவன் நான். என் பெயர் தெருவில் கிடப்பதா? தின்னர் தொட்டு அழித்துவிட்டு வந்தேன். லொறி வந்தபோது கடைக்காரர் பெயரைப் பார்த்தே கூப்பிட்டார். எங்களுடையது ஓரமாகத் தள்ளப்பட்டது.

"சுபாஜினிக்கு முப்பத்திரண்டு வயசு. இந்த இடமும் போச்சுன்னா உங்க பேரை வச்சு என்ன செய்யிறது?" என்றாள் புஷ்பம்.

அன்று மின்வெட்டு வேறு. பின்வளவில் கல் வைத்து, மழையில் நனைந்த விறகை ஊதி ஊதித் தேநீர் போட்டாள். கண் சிவந்துபோய்த் தட்டோடு வந்தாள்.

லீலாதேவி ஒரு வாய் குடித்துக் கோப்பையை வைத்தார்.

"புகை மணக்குதே! ஜெர்மனியில எங்க வீட்ல பைப்லயே கேஸ் வருது. திருகினா அடுப்பு, திருகினா ஹீட்டர். இவங்க கண்ணைப் பாருங்க, தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்துல இருந்து வந்த மாதிரி."

சுதேஷ் சிரித்தார். "அம்மா, போன மாசம் கேஸ் பில்லைப் பார்த்து அழுதது யாரு? ரஷ்யாக்காரன் கேஸைப் பூட்டிட்டா விறைச்சிருவோம்னு நாலு போர்வை வாங்கி வச்சிருக்கீங்களே!"

"சும்மா இருடா!"

"அப்போ என்ன வித்தியாசம் ஆன்டி?" என்றாள் சுபாஜினி. "எங்க கேஸ் ரோட்டுல நிக்குது, உங்களது ரஷ்யாவுல நிக்குது. லயம்னு சொன்னீங்களே, நீங்களும் கலஹா தோட்டத்துல பொறந்தவங்கதானே? அம்மா, நீங்க போய் முகம் கழுவுங்க."

நான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். என் வீட்டில், என் மனைவியைச் சொன்ன சொல்லுக்கு மகள்தான் பதில் கொடுத்தாள். அந்த எரிச்சல் இன்றுவரை தீரவில்லை.

கேஸ் இல்லாத வீடு என்று மாப்பிள்ளை வீட்டார் ஒதுக்கிவிட்டதாக ஊரில் பேச்சு. அது பொய். மகனுக்குப் பிடித்துவிட்டதென்று அன்று மாலையே லீலாதேவி தொலைபேசியில் சம்மதம் சொன்னார். வேண்டாம் என்றவள் சுபாஜினி. அதை லீலாதேவியிடம் சொன்னவன் நான்.