ஊரான் கால்

"இது உன் பொண்ணா, இல்லியா?"

பெண் பார்க்க வந்த வீட்டில், கேசரித் தட்டைத் தள்ளிவிட்டுக் கைப்பேசியை நீட்டினார் வேலப்பன். மாப்பிள்ளை செங்குட்டுவனின் அப்பா. பட்டம்மாள் எட்டிப் பார்த்தாள். திரையில் அவள் மகள் கார்குழலி, வியாசர்பாடி மைதானத்தில் ஒரு பையனின் கணுக்காலை மடியில் வைத்துப் பட்டை சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எம் பொண்ணுதாங்க. ஃபுட்பால் டீமுக்கு ட்ரெய்னரு. பசங்களுக்கு அடிபட்டா இவதான் பாக்கணும்."

"ஆம்பள கால மடில வெச்சிகினு கீறா. நாலு பேரு இன்னா பேசுவாங்கோ?"

அந்த ஒரு காலுக்காகக் கார்குழலி பட்ட பாடு அவருக்கு எங்கே தெரியப்போகிறது? நாலு வருஷம் படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்தவளை, முதல் மாதம் முழுக்கத் தண்ணீர் பாட்டில் தூக்க வைத்தார்கள். ஐஸ் பெட்டியைத் தவிர வேறெதையும் கோச் அவளை நம்பிக் கொடுக்கவில்லை. தொடை பிடித்துக்கொண்டால்கூடப் பையன்கள் வெட்கப்பட்டு, நொண்டிக்கொண்டே ஓடினார்கள். போன வாரம் அவர்களில் ஜீஷான் என்ற பையன் கால் பிசகி விழுந்தான். வலிக்கு முன்னால் வெட்கம் நிற்கவில்லை. "நீயே பாருக்கா" என்று காலை நீட்டினான். அன்று வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள். எவனோ படம் பிடித்தது அவளுக்குத் தெரியாது.

"வேலய வுட்டுடணும்," என்றார் வேலப்பன். "எங்க வூட்டுக்கு வர்ற பொண்ணு ஊரான் காலத் தொடக்கூடாது."

தலையாட்டிவிடு என்று பட்டம்மாள் மகளைக் கண்ணாலேயே கெஞ்சினாள். மாப்பிள்ளைக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை. எர்ணாவூர்க் குடியிருப்பில் அப்படி ஒரு வரன் தினமும் படியேறி வருவதில்லை. மாப்பிள்ளையோ கேசரியில் முந்திரி தேடிக்கொண்டிருந்தான்.

கார்குழலி வாய் திறக்கவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். பெண் பேசாமல் இருந்தால் நம் ஊரில் வேறு அர்த்தமே கிடையாது.

"சரிம்மா, மாமா கால்ல வுழுந்து ஆசீர்வாதம் வாங்கிக்கோ," என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

வேலப்பன் வேட்டியைச் சரிசெய்து, இரண்டு பாதங்களையும் முன்னால் நீட்டி வைத்தார். கார்குழலி அவற்றை அக்கறையாகப் பார்த்தாள்.

"வேணாம் மாமா. இன்னும் கல்யாணம் ஆவல. இப்ப இதுவும் ஊரான் காலு."

செங்குட்டுவனுக்குப் புரையேறியது. "கெளம்புங்க எல்லாரும்," என்று வேலப்பன் எழப் பார்த்தார். தாழ்வான பிளாஸ்டிக் நாற்காலி. வலது மூட்டு மக்கர் பண்ணியது. பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். பழக்கத்தில் கார்குழலியின் கை முன்னால் வந்தது. அதை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"காலப் பின்னால இழுங்க மாமா. கையி ரெண்டயும் நாற்காலில ஊனி, முன்னாடி சாஞ்சி எழுந்திருங்க. தொடாமயே சொல்றேன்."

வேறு வழியில்லாமல் அப்படியே செய்தார். எழுந்தும் விட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு அவர் வெளியேறும்போது, அவள் வாசல் வரை வந்தாள்.

"படி எறங்கறப்ப வலிக்கிற கால மொதல்ல வைங்க."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வரன் போகிறதே என்று பட்டம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடிப்படியில் எட்டிப் பார்த்தாள். மூன்று மாடிக்கும், ஒரு படி விடாமல், வேலப்பன் வலது காலைத்தான் முதலில் வைத்து இறங்கினார்.