மூன்றாவது வரியில் ஒரு நிறுத்தம்

நான் பல் டாக்டர். ஈறுக்குள் ஒளிந்திருக்கும் வேரைக்கூடத் தடவியே கண்டுபிடிக்கும் விரல்கள் என்னுடையவை. அப்படிப்பட்ட எனக்கு உகுலேலே என்ற குட்டி கிடாரின் நாலே நாலு கம்பிகள் தண்ணி காட்டின.

என் அப்பா காலத்து ராக் பாட்டு ஒன்றைப் பழகினேன். அசலை ஹெட்ஃபோனில் நான் மட்டும் கேட்பேன். வீட்டுக்குக் கேட்டதெல்லாம் என் வாசிப்புதான். மூன்றாவது வரியில் மூன்று விரல்களையும் ஒரே தாவலில் மாற்ற வேண்டும். எனக்கோ வராது. நின்று, ஒவ்வொரு விரலாக எடுத்து வைத்துத்தான் தொடர்வேன். மூன்று மாதமாகத் தினமும் காலையில் பாட்டு அங்கே நின்றது. கூடவே பாடும் கணவரும் மகளும் நின்றார்கள்.

நேற்று அந்தத் தாவல் வந்தேவிட்டது! இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து வாசித்தேன். மூன்றாவது வரியை நான் பிசிறில்லாமல் தாண்டினேன். கூடப் பாடிய அவர்கள் வழக்கம்போல அங்கே நிறுத்தி, பின்தங்கிவிட்டார்கள்.

"என்ன அவசரம் உனக்கு? நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு!" என்றார் கணவர்.

"பாட்டே அப்படித்தாங்க!" என்று கத்தி, போனில் அசலைப் போட்டேன்.

மகள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். மூன்றாவது வரி போனதும் உதட்டைப் பிதுக்கினாள்.

"பாவம்மா. இவருக்கும் அந்த இடம் வரல. நிக்காமயே ஓடிட்டாரு."

கோபத்தில் தொடங்கிய என் முறைப்பு சிரிப்பில் முடிந்தது. மறுபடி வாசித்தேன். விரல்கள் நிற்காமல் தாவிவிட்டன; இருவரும் ஒரே குரலில், "தப்பு!" என்றார்கள்.

இன்று காலையிலிருந்து அந்த இடத்தில் நிற்பதற்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.