தெய்வநாயகி தண்ணீரில் இறங்கிய நாள்

1973ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், பசியாவரம் தீவுக் கோதண்டத்தின் மகள் தெய்வநாயகியின் நெஞ்சுக்குள் ஒரு மின்னல் குடியேறியது. அவளுக்கு அப்போது பதினொரு வயது. பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தவள், சத்தமில்லாமல் சாய்ந்து மூழ்கினாள். இரண்டு வருடங்களுக்கு முன்பு அவளுடைய அண்ணன் நாகப்பனும் நீந்தும்போது அப்படித்தான் சாய்ந்தான், அவன் எழவில்லை. தெய்வநாயகி சாய்ந்த நேரத்தில், கலங்கரை விளக்கத்துப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த சின்ன மின்னல் ஒன்று தண்ணீரில் இறங்கி, அவளுடைய இடது தோளுக்குக் கீழே நுழைந்து, நின்றுபோயிருந்த நெஞ்சை ஓர் உதை உதைத்தது. அவள் இருமிக்கொண்டே எழுந்தாள். மின்னல் திரும்பிப் போகவில்லை. அது தங்கிய இடம் சோப்புக்கட்டி அளவுக்குப் புடைத்துக்கொண்டது. மழைக்காலத்தில் ரவிக்கையைத் தாண்டி லேசாக நீலம் தெரியும்.

அதற்குப் பிறகு அவள் நெஞ்சு தாளம் தப்பும்போதெல்லாம் மின்னல் உதைத்தது. வருடத்துக்கு இரண்டு முறை, சில வருடங்களில் நான்கு. தரையில் இருந்தால் அவளோடு போயிற்று. 1975இல் பரிசல்துறையில் படகிலிருந்து இறங்கி முழங்கால் தண்ணீரில் நடந்தபோது உதை வந்தது. சுற்றிலும் நாற்பது முழத்துக்கு இறாலும் மடவை மீனும் மயங்கி மிதந்தன. அன்று அந்தத் தண்ணீர் பெருமாள் வகையறாவின் பாடு. அந்த ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. ஊரில் பன்னிரண்டு வகையறாக்கள், வகையறாவுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து இறங்குவார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். கல்யாணமான ஆண்களுக்கு மட்டுமே அதில் பங்கு. அடுத்தவர் பாட்டு நாளில் மீனைத் தொடுவது திருட்டைவிடப் பெரிய குற்றம். "வலைன்னா இன்னா, மின்னல்னா இன்னா? எம்மீனு செத்துச்சா இல்லியா?" என்று பெருமாள் கேட்டார். பஞ்சாயத்துத் தலைவர் மாசிலாமணி யோசித்து, தெய்வநாயகி இனி அவளுடைய அப்பாவின் பாட்டு நாளில் மட்டும்தான் தண்ணீரைத் தொடலாம் என்று தீர்ப்புச் சொன்னார். நியாயம் என்றே எல்லோருக்கும் பட்டது.

பதினொரு நாள் ஊர் பூட்டியது. பன்னிரண்டாவது நாளைக் கோதண்டம் பூட்டினார். ஒரு பிள்ளையைத் தண்ணீருக்குக் கொடுத்தவர் அவர். தன் பாட்டு நாளில் மகளை வீட்டுக்குள் வைத்து வெளியே கொண்டி போட்டுவிட்டுத்தான் வலையைத் தோளில் எடுப்பார். அம்மா முனியம்மா மீதியைப் பார்த்துக்கொண்டாள்: ஓடாதே, கோபப்படாதே, சத்தமாகச் சிரிக்காதே, முந்தானையை இழுத்து மூடு. தெய்வநாயகிக்கு உதையின் வலியைவிட, அடுத்தது எப்போது என்று காத்திருப்பதுதான் பெரிய வலி. குழந்தைகளைத் தூக்குவதை விட்டாள். கூட விளையாடியவர்கள் ஒவ்வொருத்தியாகக் கல்யாணமாகிப் படகேறிப் போனார்கள். தீவைச் சுற்றிவர ஆயிரத்து நானூற்றுப் பத்துக் காலடி என்பது அவளுக்கு மட்டும் தெரியும். ஒன்பது வருடங்கள் அப்படிப் போயின.

1984இல் அக்கரைத் தோணிரேவிலிருந்து பூபதி என்பவன் படகு ஓட்ட வந்தான். கரையில் நின்றிருந்த அவளிடமிருந்து கூடையை வாங்கியபோது உதை வந்துவிட்டது. இருவரும் மணலில் விழுந்தார்கள். "ஊருக்கே கரண்டு வரல, உனுக்கு மட்டும் எப்டிம்மே வந்துச்சு?" என்றான் அவன், விழுந்தபடியே. தெய்வநாயகி ஒன்பது வருடத்துச் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தாள். முனியம்மா அலறிக்கொண்டு ஓடிவந்தாள். அவ்வளவு சிரித்தும் மகளின் நெஞ்சு தாளம் தப்பவில்லை. அடுத்த மாதம் பூபதி பெண் கேட்டான். படகேறவும் தண்ணீரில்தானே இறங்க வேண்டும், கட்டிக்கொண்டு எப்படி அழைத்துப் போவாய் என்று கேட்டுக் கோதண்டம் அவனைத் திருப்பி அனுப்பினார்.

அந்த வருடக் கடைசியில் செசிலியா என்ற டாக்டர் மருத்துவ முகாமுக்காகத் தீவுக்கு வந்தார். புடைப்பில் குழலை வைத்துக் கேட்டார். பிறகு, அமெரிக்காவில் இதே மாதிரி நெஞ்சு நின்றுபோகிறவர்களுக்கு வயிற்றுக்குள் ஒரு பெட்டி வைக்கிறார்கள், நின்றால் அது உதைத்து எழுப்பும், ஒன்றிரண்டு சின்னப் பிள்ளைகளுக்குக்கூட வைத்திருக்கிறார்களாம் என்றார். பேட்டரி தீர்ந்தால் திரும்ப அறுக்க வேண்டும், உனக்கு அந்தத் தொல்லை இல்லை என்றும் சொன்னார்.

"அந்தப் புள்ளைங்க தண்ணியில எறங்குதுங்களா?" என்று கேட்டாள் தெய்வநாயகி.

"பெத்தவங்க விடறதில்லையாம்."

கோதண்டம் அதைக் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றார். இரண்டு மாதம் வழக்கம்போலவே கொண்டி போட்டார். மாசி மாதத்தில் தன் பாட்டு நாள் ஒன்றில் அவர் கொண்டி போடவில்லை. வலைக்கயிற்றின் ஒரு முனையை மகளின் இடுப்பிலும், மறுமுனையைத் தன் இடுப்பிலும் கட்டினார். "நான் முன்னால போறேன். நீ பின்னாலயே வா," என்றார். ஏரி வற்றியிருந்த நேரம். மார்பளவுக்கு மேல் எங்கும் இல்லை. நாகப்பன் சாய்ந்த இடத்தைத் தாண்டும்போது அவளுடைய நெஞ்சு தாளம் தப்பியது. மின்னல் உதைத்தது. உதை ஈரக்கயிறு வழியாகக் கோதண்டத்தையும் தூக்கிப் போட்டது. இருவரும் மூழ்கி, இருவரும் இருமிக்கொண்டே எழுந்தார்கள். சுற்றிலும் மீன்கள் வெள்ளையாக மிதந்தன. அவருடைய மீன்கள்தான், அவர் ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

"இத்தியா நீ இத்தினி வருசமா தாங்கிகினு இருந்த?"

"ஆமா நைனா."

கோதண்டம் முதலில் அவளுடைய முடிச்சை அவிழ்த்தார். மீதி தூரத்தை அவள் முன்னால் நடந்தாள். தோணிரேவுக் கரையில், கோதண்டம் சொல்லி அனுப்பியிருந்தபடி, பூபதி காய்ந்த துணியோடு நின்றிருந்தான்.

அவள் தாய்வீடு வந்து போக வேண்டுமே என்று, அந்த வருடம் பாடு பிரித்தபோது மாசிலாமணி பதின்மூன்றாவதாக ஒரு பாடு எழுதினார். பெயர்: தெய்வநாயகி. நாள்: உதை வரும் நாள். கல்யாணமாகி வேற்றூர் போனவளுக்கு இங்கே எப்படிப் பாடு என்று பெருமாள் மட்டும் கேட்டார். மின்னல் இந்த ஊர்த் தண்ணீரில் கிடைத்ததுதானே என்றார் மாசிலாமணி. அது சரிதான் என்று பெருமாளும் ஒப்புக்கொண்டார். பிறகு எல்லோரும் வலைக்கண் அளவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.